ரவுண்ட் ராபின் முறையில் ஒரு சர்வர் மட்டும் திணறுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒரே திறன் கொண்ட 8 சர்வர்களுக்குக் கோரிக்கைகளை ரவுண்ட் ராபின் முறையில், அதாவது ஒவ்வொரு சர்வருக்கும் முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாக, பகிர்ந்தளிக்கிறோம். எண்ணிக்கை எல்லாவற்றிலும் சமமாக இருந்தும், ஏதாவது ஒன்றில் மட்டும் சிபியு பயன்பாடு 95 விழுக்காட்டைத் தொட்டு, காத்திருக்கும் வரிசை நீண்டுவிடுகிறது. எங்கே தவறுகிறோம்?

மறுமொழி 1:
எண்ணிக்கை சமமாக இருப்பதால் வேலையும் சமமாகிவிடாது. 5 மில்லிவிநாடியில் முடியும் தேடலையும் 4 விநாடி பிடிக்கும் அறிக்கையையும் ரவுண்ட் ராபின் ஒன்றாகவே எண்ணுகிறது. கனமானவை இரண்டு மூன்று ஒரே சர்வரில் விழுந்துவிட்டால், பின்னால் வரும் சிறியவை எல்லாம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். முடிவடையாத கோரிக்கைகள் எதில் குறைவோ அதற்கு அனுப்பும் முறைக்கு மாறிப் பாருங்கள்.

மறுமொழி 2:
சரியான யோசனை, ஆனால் ஓர் ஆபத்து உண்டு. கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோடு பேலன்சர்கள் பல இருந்து, ஒவ்வொன்றும் சற்றுப் பழைய தகவலை வைத்து முடிவெடுத்தால், புதிதாகச் சேர்ந்த சர்வர் காலியாக இருப்பதைக் கண்டு எல்லாமே அதன்மீது குவியும். தற்செயலாக இரண்டு சர்வர்களைத் தேர்ந்து, அவற்றுள் சுமை குறைந்ததற்கு அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்வதைவிட இதில் உச்சச் சுமை வியக்கத்தக்க அளவு குறையும் என்பதை அசார், பிரோடர், கார்லின், உப்ஃபல் ஆகிய கணினி அறிவியலாளர்கள் 1994-இல் கணித முறையில் நிறுவினர்.

மறுமொழி 3:
சுமை குறைந்ததற்கு அனுப்பும் இந்த முறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுதான சர்வர் 2 மில்லிவிநாடியில் பிழையைத் திருப்பி அனுப்பினால், அதன் வரிசை எப்போதும் காலியாகத் தெரியும். கோரிக்கைகளும் அதை நோக்கியே பாயும். இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. பிழை விகிதத்தையும் கணக்கில் கொண்டு, எல்லை மீறும் சர்வரைச் சிறிது நேரம் விலக்கி வையுங்கள்.