கார் பின்பக்கம் ‘டொக் டொக்’: சத்தத்தைப் பிடிச்ச கதைகளைச் சொல்லுங்க

கோவையிலிருந்து:

நம்மது ஒன்பது வருஷம் ஆன ஹாட்ச்பேக். பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கற குறுக்கு இரும்பு), ரெண்டு பக்கமும் காயில் ஸ்பிரிங், தனியா ஷாக் அப்சர்பர். பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா சத்தமே வராது. தார் பெயர்ந்து ஜல்லி தெரியற ரோட்டுல மெதுவாப் போனா மட்டும் இடது பின்பக்கம் ‘டொக் டொக்’. ஒரு சர்வீஸ் சென்டர்ல வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, “ஷாக் ரெண்டும் போயிடுச்சு சார், மாத்திடலாம்”னு எஸ்டிமேட் போட்டுக் குடுத்துட்டாங்க. அடியில குனிஞ்சுகூடப் பார்க்கலை.

சிங்காநல்லூர் பக்கம் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். முதல்ல டிக்கியை அழுத்தி விட்டுப் பார்த்தார். ஒரு தடவை மேலே வந்து நின்னுடுச்சு. ஷாக்ல எண்ணெய்க் கசிவும் இல்லை. “ஷாக் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் பிடிச்சிருக்கிற ரப்பர் நல்லா இருக்குன்னு இதுல தெரியாது”ன்னார்.

அடுத்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பார்சல் டிரே எல்லாத்தையும் கழட்டிக் கீழே வெச்சுட்டு அதே ரோட்டுல ஓட்டினோம். சத்தம் அப்படியே இருந்துச்சு. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பார்த்து, ஊர்ற வேகத்துல ஹேண்ட்பிரேக்கை லேசா இழுத்துப் பிடிச்சுட்டு ஓட்டச் சொன்னார். டிரம்முக்குள்ள பிரேக் ஷூ ஆடினா அப்போ சத்தம் அடங்கும். அடங்கலை. கடைசியா டிக்கி ஓரத்து டிரிம்மைக் கழட்டி, ஷாக்கோட மேல் நட்டு மேல நான் கை வெச்சுக்க, அவர் வண்டியைக் குலுக்கினார். கையிலேயே தட்டுச்சு! மேல் மவுண்ட் ரப்பர் நசுங்கி, நட்டு இறுக்கமா இருந்தும் நடுக்கம்பி உள்ளே ஆடுது.

பெரிய மேட்டுல ஏன் சத்தம் வரலைன்னு கேட்டேன். அங்க பாரம் ஒரே பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கும். சின்னச் சின்னக் குழியிலதான் கம்பி அந்த இடைவெளிக்குள்ள முன்னும் பின்னும் ஓடி ரெண்டு பக்கமும் மோதுமாம். ரெண்டு பக்கமும் மவுண்ட் ரப்பர் மட்டும் மாத்தினோம், சில நூறு ரூபாயோட முடிஞ்சுது. ஷாக் இன்னும் பழசுதான் ஓடுது.

சென்னையிலிருந்து:

எனக்கு நேர் எதிர். கசிஞ்ச ஷாக்கை மாத்தி வண்டியை எடுத்துட்டு வந்த அன்னைக்கே புதுசா ஒரு ‘கிரீச்’. புது ஷாக்ல கோளாறுன்னு எல்லாரும் சொன்னாங்க. காரணம் இறுக்கின விதம். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே ஷாக்கோட கீழ் போல்ட்டை முழுசா இறுக்கிட்டாங்க. புஷ்ஷோட (போல்ட் நுழையற ரப்பர் உருளை) உள்குழாய் அந்த நிலையிலேயே கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் வண்டி கீழே இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். சக்கரம் தரையில நிக்க, பிட் (அடியில நின்னு வேலை பார்க்கற பள்ளம்) மேல வெச்சு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினதும் சத்தம் போச்சு. வேற ஒரு பொருளும் வாங்கலை. ஆக்சில் புஷ் (பின்னச்சு பாடியோட சேர்ற இடத்து ரப்பர்) மாத்தினாலும் இதே விதிதான். வண்டியை எடுக்கும்போது வாய்விட்டுக் கேளுங்க, கோபப்பட்டாப் படட்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

நம்ம வண்டில டொக் இல்ல, பழைய கட்டில் மாதிரி ‘கீச் கீச்’. மழை பெய்தா சத்தம் கிடையாது, வெயில் அடிச்சா வந்துரும். அதுவே பெரிய துப்புதான். ஸ்பிரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஒவ்வொரு ரப்பரா நனைச்சு, ஒவ்வொரு தடவையும் வண்டியக் குலுக்கிப் பாத்தேன். வலது ஆக்சில் புஷ்ஷ நனைச்சதும் நின்னுட்டு. பாத்தா ரப்பர் வெடிச்சிருக்கு.

இன்னொன்னு. நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ்ல “அடில டீசல் அடிச்சு விடட்டுமா அண்ணாச்சி?”ன்னு கேப்பாங்க. சத்தம் ரெண்டு நாள் அடங்கும், உண்மதான். ஆனா டீசலும் வேஸ்ட் ஆயிலும் பட்டா அந்த ரப்பர் ஊதி இளகிப் போவும். தடவியே ஆகணும்னா சிலிகான் கிரீஸ் தடவுங்க. வெடிச்ச ரப்பருக்கு அதுவும் ஒண்ணும் செய்யாது, மாத்தத்தான் வேணும்.

மதுரையிலிருந்து:

எனக்குச் சத்தம் பின்சீட் லாக்குலங்க! சீட்டை மடக்கிப் போட்டதும் சத்தம் நின்னுச்சு. கொக்கி மாட்டுற கம்பியில துணி டேப் சுத்தினேன், முடிஞ்சது. இதுக்கு முன்னாடி பட்டறையில சஸ்பென்ஷனைப் பிரிக்க நாள் குறிச்சிருந்தாங்க.

நாகப்பட்டினத்திலிருந்து:

கடலோரத்துல இருக்கறவங்க ஸ்பிரிங்கையும் பாருங்க. எனக்கு டொக் இல்லை, எப்பவாவது ஒரு ‘டங்’. வண்டி ஒரு பக்கம் லேசா அமுங்கின மாதிரி தெரிஞ்சுது. சமதரையில நிறுத்தி, சக்கர நடுவிலேர்ந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு அளந்தா, ஒரு பக்கம் நல்லாவே கம்மி. ஸ்பிரிங்கோட கடைசிச் சுத்து துருப்பிடிச்சு உடைஞ்சு, ரப்பர் சீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கு. மேலோட்டமாப் பார்த்தா தெரியவே தெரியாது. இதை வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, முனை டயரைக் கிழிச்சிடலாம். ஜோடியா மாத்துங்க, ஸ்பிரிங் வகையைக் காட்டுற பெயிண்ட் அடையாளம் ஒரே மாதிரி இருக்கான்னும் பார்த்துக்குங்க.

சேலத்திலிருந்து:

எனக்கு ஆள் ஏறினாத்தான் சத்தம், காலியாப் போனா இல்லை. இதுவும் மவுண்ட்டா?

கோவையிலிருந்து:

முதல்ல பம்ப் ஸ்டாப்பை (முழுசா அமுங்கும்போது இடிக்காமத் தாங்கற மெத்துக் கட்டை) பாருங்க. அது உதிர்ந்து போயிருந்தா, பாரம் ஏறி அமுங்கும்போது இரும்போட இரும்பு அடிக்கும். ஷாக் கம்பியைச் சுத்தியிருக்கிற தூசி உறையை மேலே தள்ளினா, சில வண்டியில அந்த ஸ்டாப் கையோட தூளா வரும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான், அதனால நாகப்பட்டினத்துக்காரர் சொன்ன அளவையும் எடுத்துடுங்க. அடியில படுக்கறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு போடுங்க, வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீங்க.