திப்புவோட புலியைக் கேக்குறோம் சரி, கல்யாணபுரத்து துவாரபாலகரை என்ன பண்ணப்போறோம்?

கொள்ளிடக்கரை:
1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போன திப்புவோட மரப்புலி இன்னும் லண்டன் மியூசியத்துல இருக்கு, திருப்பிக் கொடுன்னு இங்க எல்லாருமே சொல்றோம், நானும்தான். ஆனா தஞ்சாவூர் கலைக்கூடத்துல ஒரு துவாரபாலகர் நிக்கிறாரே, அவரு பீடத்துலயே "ஸ்வஸ்திஸ்ரீ உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்"னு வெட்டியிருக்கு. விஜயராஜேந்திரன்னு பட்டம் வச்சுக்கிட்ட சோழ ராஜா முதலாம் ராஜாதிராஜன் 11ம் நூற்றாண்டுல மேலைச் சாளுக்கியர் தலைநகரை அடிச்சு அழிச்சிட்டு எடுத்துட்டு வந்தது. அந்த ஊர்தான் இன்னைக்கு பீதர் மாவட்டத்துல இருக்குற பசவகல்யாண். என்னைக் கேட்டா அவங்க ஊருக்கே அனுப்பிடணும்.

தாராசுரம்_மணி:
ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க ப்ரோ. அது ரெண்டு ராஜாக்களுக்குள்ள நடந்த சண்டை, இன்னைக்கு நீ ஜெயிப்ப நாளைக்கு அவன் ஜெயிப்பான், அதே ராஜாதிராஜன் 1054ல கொப்பத்துல அதே சாளுக்கியரோட மோதி யானை மேலயே உயிரை விட்டான். 900 வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்படிப் பின்னாடி போனா கோஹினூர் யாருக்கு? 1849ல லாகூர்ல இருந்து வெள்ளைக்காரன் எடுத்தான், 1813ல பஞ்சாப் ராஜா ரஞ்சித் சிங், பதவி இழந்த ஆப்கான் ராஜா ஷா ஷுஜாகிட்ட இருந்து வாங்கினார், 1739ல பாரசீக ராஜா நாதிர் ஷா டெல்லியில இருந்து அள்ளினான். எங்க போய் நிறுத்துவீங்க?

பீதர்வாசி:
அண்ணே, வருஷக் கணக்கை லண்டன்காரனும்தான் சொல்றான். கோஹினூருக்கு நாலு பேர் சொந்தம் கொண்டாடலாம், இதுல எடுத்தவனே யாருகிட்ட இருந்து எடுத்தேன்னு கல்லுல எழுதி வச்சிருக்கான், இதைவிட என்ன சாட்சி வேணும்? இன்னைக்கு நைஜீரியாவுல இருக்குற பழைய பெனின் ராஜ்யத்துல 1897ல பிரிட்டிஷ் படை அரண்மனையில இருந்து வாரிட்டுப் போன வெண்கலச் சிற்பங்கள்ல 1000க்கும் மேல தன்கிட்ட இருந்ததோட உரிமையை ஜெர்மனி 2022ல நைஜீரியாவுக்கு மாத்திக் கொடுத்துச்சு, அதுல கொஞ்சம் இப்பவும் ஜெர்மன் மியூசியத்துலயே கடனா இருக்கு. அதனால பொருள் எங்க இருக்குங்கறது வேற, யாருதுங்கறது வேற, முதல்ல யாருதுன்னு ஒத்துக்கலாமே.

தாராசுரம்_மணி:
சரி, கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்துல செங்கமேட்டுல கலிங்கத்துல இருந்து ராஜேந்திரன் காலத்துல வந்த சிற்பங்களை ஊர்ச்சனம் சாமியாக் கும்பிடுது. போய் அங்க இது ஒடிசாவோடதுன்னு சொல்லி லாரியில ஏத்திப் பாருங்க.

கொள்ளிடக்கரை:
கும்பிடுற சாமியை நான் கேக்கவே இல்ல, அது அந்த சனத்தோடது, அதுல கை வைக்கக்கூடாது. துவாரபாலகர் கோயில்லயா இருக்காரு? தாராசுரத்துல இருந்து ஏற்கனவே மியூசியத்துக்கு வந்தாச்சு. அதுவும் தாராசுரம் கோயிலே ராஜாதிராஜனுக்கு நூறு வருஷம் கழிச்சு ரெண்டாம் ராஜராஜன் கட்டினது, அப்ப இவரு அதுக்கு முன்னாடி வேற எங்கேயோ நின்னிருக்காரு. இடம் மாத்தக்கூடாதுன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?

தாராசுரம்_மணி:
இருக்கு. நீங்க அனுப்பச் சொல்ற இடம் எது? கல்வெட்டு கல்யாணபுரம்னுதான் சொல்லுது, எந்தக் கோயில் வாசல்னு சொல்லல. போற இடமும் ஒரு மியூசியம்தான். அதோட சிலை சாளுக்கியருது, பீடத்து எழுத்து சோழருது, தமிழ். ரெண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பொருள், அதைப் பாக்க தஞ்சாவூர் வர்ற பிள்ளைங்களுக்கு சோழன் எவ்வளவு தூரம் போனான்னு கண்ணால பாக்குற இடம் அது. அந்தக் காலத்துல ஜெயிச்சவன் எடுத்துட்டு வர்றதுதான் வழக்கம், அதை இன்னைக்குத் திருட்டுன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியல.

பீதர்வாசி:
வழக்கம்னு மொத்தமா சொல்லாதீங்கண்ணே. 8ம் நூற்றாண்டுல ரெண்டாம் விக்கிரமாதித்தன், அவனும் சாளுக்கியன்தான், காஞ்சிபுரத்தைப் பிடிச்சவன், கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பாத்துட்டு அதைக் கோயிலுக்கே விட்டுட்டான், அதைக் கன்னடத்துல அந்தக் கோயில் தூண்லயே வெட்டியும் வச்சான், இப்பவும் போய்ப் பாக்கலாம். தொடாம விட முடியும்னு அப்பவே ஒருத்தன் காட்டியிருக்கான், நம்மளோட கோயில்லதான் காட்டியிருக்கான், அதை நினைச்சா எனக்கு இந்த துவாரபாலகரைப் பாக்கும்போது பெருமையா இருக்க மாட்டேங்குது. பசவகல்யாண் கோட்டையில பழைய சிலைங்க வச்சு ஒரு மியூசியம் இருக்கு, அங்க இந்தத் தமிழ் எழுத்தோடயே நிக்கட்டும், பக்கத்துல கன்னடத்துல விளக்கம் எழுதட்டும், ஊர் எரிஞ்ச கதையை அந்த ஊர்ப் பிள்ளைங்களும் படிக்கட்டும்.

தாராசுரம்_மணி:
விக்கிரமாதித்தன் விஷயம் நல்ல பாயிண்ட், மறுக்கல. கடனா ரெண்டு மூணு வருஷம் அங்க கொடுத்து வாங்குறதுன்னா நான் சரின்னு சொல்றேன். உரிமை தஞ்சாவூருக்கே இருக்கணும், அதுல மாத்தம் இல்ல.

கொள்ளிடக்கரை:
இதேதான் 2024ல கானாவுக்கு நடந்துச்சு. 1874ல பிரிட்டிஷ்காரனோட நடந்த போர்லயும் அதுக்கப்புறமும் அங்க இருந்த அசாந்தே ராஜாக்களோட அரண்மனையில இருந்து போன தங்கத்தை லண்டன் மியூசியங்க மூணு வருஷக் கடனாத்தான் அனுப்புனாங்க, பிரிட்டிஷ் மியூசியத்தைக் கேட்டா 1963 சட்டம் நிரந்தரமாக் கொடுக்க விடலன்னு சொல்லுது. திப்புவோட புலியை மூணு வருஷம் கடனாத் தர்றேன், உரிமை என்கிட்டதான்னு லண்டன் சொன்னா நீங்க சரின்னு சொல்வீங்களா மணி?