புதுப்பிப்பு: குதிரை வைத்தியராக தங்கச்சி என்ன படிக்க வேண்டும்?

போன மாதம் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ/எல் படிப்பு) உயிரியல் பிரிவை எடுக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது, ஹட்டனிலேயே சேர்த்துவிட்டோம். அப்புறம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம், இலங்கையில் அது ஒன்றுதான், இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சை மதிப்பெண்ணை வைத்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணக்கிடுவது) நன்றாக வர வேண்டும், நுவரெலியா மாவட்டம் என்பதால் மாவட்ட ஒதுக்கீடும் உண்டு.

எதிர்பாராதது, குதிரைக்கென்று தனிப் பட்டம் இங்கே இல்லை. மாடு, நாய், கோழி எல்லாம் படித்து, மிருக வைத்திய சபையில் பதிந்த பிறகுதான் குதிரைப் பக்கம் போகலாம், சிறப்புப் பயிற்சிக்கு பெரும்பாலும் வெளிநாடுதான். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில், அதனால் இப்போதே ஆங்கில வகுப்பு தொடங்கியாச்சு. லீவு நாளில் நுவரெலியா பந்தயத் திடலுக்குக் கூட்டிப்போனேன், குதிரைக் குளம்பைச் சுத்தம் செய்வதை அவள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.