வீட்டில் இருவருக்கும் கொலஸ்ட்ரோல் குளிசை. நிறுத்தலாமா, தொடரலாமா?

சுன்னாகத்து மகள்

வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40 எடுத்துவந்தார். வெங்காயத் தோட்டத்தில் இன்னும் மண்வெட்டி பிடிக்கிறவர். இரண்டு தொடைகளும் உளைகின்றன என்று சொல்லி, சித்திரைக்குப் பிறகு தானாகவே குளிசையை நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு 57. மாரடைப்போ பாரிசவாதமோ வந்ததில்லை. பிரஷருக்கு மட்டும் மருந்து எடுக்கிறார். மொத்தக் கொலஸ்ட்ரோல் 238, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 158, வெறும் வயிற்றுச் சீனி 112. கிளினிக்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 எழுதினார்கள். அன்று இருந்த சனத்தில் விளக்கம் கேட்க முடியவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா, "அது ஈரலைப் பழுதாக்கும், ஞாபகம் போகும், சீனி வருத்தம் வரும்" என்று சொல்கிறார். இயற்கையானது என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைப் போத்தல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அம்மா இப்போது ஒரு நாள் அது, ஒரு நாள் குளிசை என்று மாறி மாறி எடுக்கிறார். நான் இவர்களுக்கு என்ன சொல்வது?

கரவெட்டியான்

மாரடைப்பே வராத பெண்ணுக்கு ஏன் ஆயுள் முழுக்க மருந்து? தேங்காய்ப்பால் சொதியையும் பொரியலையும் குறைக்கச் சொல்லுங்கள். பின்னேரம் நடக்கச் சொல்லுங்கள். என் மனைவிக்கு அப்படித்தான் குறைந்தது. இதெல்லாம் மருந்துக் கம்பனிகளின் வியாபாரம்.

கொக்குவில் மருந்தாளர் (ஓய்வு)

தங்கச்சி, முதலில் அப்பாவைப் பார்ப்போம். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, அடைப்பு எடுபட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டென்ட் ஒரு குழாயில் ஓர் இடத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் கொழுப்புப் படிவதை அது தடுக்காது. 1994 இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில், இருதய நோயுள்ள 4,444 பேரில் பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும் (அட்டோர்வாஸ்டாட்டினைப் போல இதுவும் ஸ்டாட்டின் இன மருந்து) மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்து ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 12 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 8 பேர். மாரடைப்பு வந்த ஒருவர் இந்தக் குளிசையைத் தானாக நிறுத்துவது எனக்குப் பயத்தைத் தருகிறது.

தொடை உளைவைப் பற்றி. அப்பா பொய் சொல்கிறார் என்று யாரும் நினைக்கக் கூடாது, உளைவு உண்மைதான். அது எதனால் என்பதைத்தான் பார்க்க வேண்டும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2020 இல் வெளிவந்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு போத்தல்கள் கொடுத்தார்கள்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் வெற்றுக் குளிசை, நான்கு வெறும் போத்தல்கள். எதில் மருந்து என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தங்கள் உபாதையை 100 க்கு இவ்வளவு என்று பதிந்தார்கள். எதுவும் எடுக்காத மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. வெற்றுக் குளிசை மாதங்களில் 15.4! குளிசை என்று ஒன்றை விழுங்குவதே உபாதையைக் கூட்டியிருக்கிறது. முடிவைக் காட்டியபின் அவர்களில் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். நான் மருந்து கொடுத்த காலத்தில் இந்த ஆய்வு கையில் இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பேன்.

அதற்காக மருந்தால் தசைநோவு வரவே வராது என்று சொல்லமுடியாது. சிலருக்கு வருகிறது, பெரும்பாலும் தொடங்கிய முதல் வருடத்தில். அப்பாவை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே கொண்டுபோய், நிறுத்திவிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை விட்ட பிறகும் உளைவு இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். தசை சேதமடைந்திருக்கிறதா என்று காட்டும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் செய்யலாம். தைரொயிட் குறைந்தாலும் தசை உளையும், கொலஸ்ட்ரோலும் ஏறும். அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எசெட்டிமைப் சேர்க்கலாம். டொக்டரிடம் வழிகள் இருக்கின்றன. மருந்தை மீண்டும் தொடங்கிய பிறகு கடும் நோவும் பலவீனமும் வந்து, சிறுநீர் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் மட்டும் ஒரு மணிநேரமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அது மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அம்மாவின் நிலை வேறு. இங்கே கரவெட்டி ஐயா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு கணக்குக்கு, அம்மாவைப் போன்ற 100 பேரில் அடுத்த 10 வருடங்களில் 10 பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரும் என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைந்தால் இந்த ஆபத்து ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது. அப்படியானால் 10 பேர் 8 பேராவார்கள். இரண்டு பேர் தப்புகிறார்கள். 90 பேருக்குக் குளிசை இல்லாமலும் ஒன்றும் வந்திருக்காது. 8 பேருக்கு எடுத்தும் வரும். அப்பாவைப் போன்றவர்களில் 100 க்கு 30 என்று எடுத்தால் அதே குளிசையால் 6 பேர் தப்புவார்கள். அம்மாவின் உண்மையான எண்ணை வயது, பிரஷர், சீனி, புகைத்தல் எல்லாம் சேர்த்து உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் டொக்டர் பார்த்துச் சொல்வார். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியம்மா சொன்னவற்றில் சீனி பற்றியது ஓரளவு உண்மை. ஸ்டாட்டின் சீனியைச் சற்று ஏற்றும், அம்மா 112 இல் எல்லையில் நிற்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. செய்யுங்கள். ஆனால் சீனி வருத்தம் வந்தவருக்கு இருதய ஆபத்தும் கூடுவதால் மருந்தின் தேவையும் கூடுகிறது. ஈரலுக்குப் பெரிய பாதிப்பு மிக அரிது. ஞாபகம் போவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

அந்த ரொறன்ரோப் போத்தலை இன்றே நிறுத்துங்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனகொலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் ஒரே பொருள். பெரியம்மா ஸ்டாட்டினுக்குப் பயந்து, அளவு நிச்சயமில்லாத இன்னொரு ஸ்டாட்டினை அனுப்பியிருக்கிறார்.

கரவெட்டி ஐயா, சொதியைக் குறைப்பதும் நடப்பதும் அம்மாவுக்கு நிச்சயம் உதவும், மருந்து எடுத்தாலும் அவை வேண்டும். ஆனால் வியாபாரம் என்ற கதை இங்கே பொருந்தாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் இருந்த காப்புரிமை 2011 இலேயே முடிந்துவிட்டது. கிளினிக்கில் கொடுப்பது பல கம்பனிகளும் செய்யக்கூடிய மலிவான மூலப்பெயர் மருந்து, நமக்கு அது இலவசம்.

கரவெட்டியான்

அப்பா விடயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூன்று மாதம் உணவையும் நடையையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதே இப்போதும் என் எண்ணம்.

கொக்குவில் மருந்தாளர் (ஓய்வு)

அட்டவணையில் அம்மாவின் ஆபத்து எண் குறைவாக இருந்தால் டொக்டரே அதற்குச் சம்மதிக்கக்கூடும். அம்மா விரும்பினால் கேட்டுப்பார்க்கலாம்.

சுன்னாகத்து மகள்

மிக்க நன்றி ஐயா. அப்பா வியாழக்கிழமை வரச் சம்மதித்துவிட்டார். அந்த 60 பேரின் கதையை வாசித்துக் காட்டினேன், இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் இரவில்தான் எடுக்க வேண்டுமா?

கொக்குவில் மருந்தாளர் (ஓய்வு)

சிம்வாஸ்டாட்டின் என்றால் இரவு. அட்டோர்வாஸ்டாட்டின் உடலில் நீண்டநேரம் நிற்பதால் எந்த நேரமும் எடுக்கலாம், ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. தோட்டத்துக்குப் போகுமுன் காலையில் எடுக்கட்டும். இருமல், சளிக்கு வெளியில் மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் சேர்ந்தால் இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.