ஊசி லேஸுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

ம.:
ஆடை வடிவமைப்புப் பட்டயப் பாடநூலின் சொல்லடைவு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எம்பிராய்டரிக்குப் 'பூத்தையல்' என்று முடிவாகிவிட்டது. இடிப்பது ஊசி லேஸ். பழைய கைப்படியில் 'சரிகை' என்றிருக்கிறது. பிள்ளைகள் பட்டுப்புடவை ஜரிகை என்றுதான் படிப்பார்கள். ஊசி லேஸுக்கு அடித்துணியே கிடையாது. தோல்தாளில் வரைந்த கோட்டின் மேல் நூலைக் கிடத்தி, சிறு தையல்களால் பிடித்து, நடுவெளியைக் காஜா தையலால் நிரப்புவார்கள். கடைசியில் பிடிதையலை அறுத்தால் லேஸ் தனியே கையோடு வந்துவிடும்.

இரா.:
சிலம்பின் இந்திரவிழாத் தெருவில் துன்னகாரர் இருக்கும்போது நமக்கென்ன பஞ்சம்? துன்னம் தையல், துன்னுதல் நெருங்குதல், துன்னார் பகைவர். 'துன்னிழை' எனலாம். இன்னொன்று: லேஸ் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலம் சுருக்குக் கயிறு. நம் கண்ணியும் சுருக்குத்தான், தலையில் சூடும் பூந்தொடையும்தான். 'ஊசிக்கண்ணி' எப்படி?

ம.:
ஐயா, அங்கயற்கண்ணிக்குத் தங்கை மாதிரி இருக்கிறது.

சி.:
எங்கட இலங்கைப் பக்கம் லேஸை ரேந்தை என்போம். காலி, வெலிகமப் பக்கம் பீரளு ரேந்தை இன்றும் உண்டு. தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. அது குச்சி ரேந்தை, இது ஊசி ரேந்தை. அவ்வளவுதானே?

இரா.:
ரேந்தை போர்த்துக்கீசியம். ஏற்க இயலாது.

சி.:
சாவி, ஜன்னல், அலமாரியும் அப்படித்தான் ஐயா. வீட்டைத் திறந்துபோட்டா தூங்குகிறீர்கள்?

வ.:
நான் தையல் ஆசிரியை, ஊர் நாகர்கோவில். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் பெண்கள் இங்கே கொண்டுவந்தது குச்சி வகை. அன்றும் இன்றும் எங்கள் வாயில் லேஸ்தான். 'ஊசிப்பின்னல்' மட்டும் வேண்டாம், ஸ்வெட்டர் பின்னுவதோடு குழம்பும். 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் ஊசி லேஸைப் 'புன்டோ இன் ஆரியா' என்றார்கள், காற்றில் தையல் என்று பொருள். 'அந்தரத்தையல்' என்றால் வகுப்பில் சட்டென்று பிடிபடும். பிரான்சின் அலான்சோன் லேஸும் ஊசி வகைதான், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு சதுர செ.மீ.க்கு ஏழு மணி நேரம் ஆகுமாம். நாம் ஒரு சொல்லுக்கு அதைத் தாண்டிவிட்டோம்!

இரா.:
அந்தரம் வடமொழி. விசும்புத்தையல்?

சி.:
விமானத்தில் தைப்பதா?

ம.:
சரி, முடிக்கிறேன். தலைச்சொல் 'ஊசி லேஸ்'. அடைப்பில் 'ரேந்தை, ஈழ வழக்கு'. 'அந்தரத்தையல்' அந்த வெனிஸ் வகைக்கு மட்டும். மூவர் சரி என்றாயிற்று, இரா. ஐயாவின் மறுப்பு பதிவில் இருக்கும்.

இரா.:
இருக்கட்டும். லேஸை வைத்துக்கொண்டு கண்ணியைத் தள்ளியது தவறு என்பதில் மாற்றமில்லை. ஆமாம், காஜா மட்டும் எந்த ஊர்த் தமிழ்?

ம.:
அது இந்தி வழி வந்தது. அதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்.