ஹேமரா, ஸ்ட்ரைக்கரா?

நெடுமாறன்: புதிதாகச் சுடப் பழகுபவருக்கு ஸ்ட்ரைக்கர் கைத்துப்பாக்கிதான் சரி என்பது என் கட்சி. தோட்டாவை வெடிக்க வைக்க, ஹேமர் வகையில் பின்னால் உள்ள சுத்தி அடிக்கும்; ஸ்ட்ரைக்கர் வகையில் உள்ளே மறைந்திருக்கும் ஊசி வில்லின் விசையால் பாய்ந்து அடிக்கும். ஸ்ட்ரைக்கர் வகையான க்ளாக்கில் முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் விசையின் கனம், அதாவது அதை அழுத்தத் தேவையான பலம், ஒன்றுதான். ஹேமர் வகையான பெரெட்டா 92-இல் ஹேமர் இறங்கியிருந்தால், அதைப் பின்னுக்குத் தள்ளும் வேலையும் விசைவிரலின் தலையில்தான் விழுகிறது. முதல் குண்டுக்கு மல்லுக்கட்ட வேண்டும். அது வெடித்ததும், துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடே ஹேமரை ஏற்றிவிடுவதால், அடுத்த குண்டுக்கு விசை பூப்போல இறங்கும். புதியவர் திணறாமல் என்ன செய்வார்?

குணவதி: அந்தக் கனம்தான் காவல். உறையில் செருகும்போது கட்டைவிரலை ஹேமரின் முதுகில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒருநாள் மேற்சட்டையின் நாடா விசைவளையத்துக்குள் புகுந்துவிட்டது. ஹேமர் எழும்பிக் கட்டைவிரலை நெம்பியது. கை அப்படியே நின்றது. க்ளாக்கில் இந்தச் சேதியை யார் சொல்வார்?

நெடுமாறன்: ஆஸ்திரிய ராணுவம் 1982-இலேயே க்ளாக் 17-ஐத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கத் தரைப்படையும் 2017-இல் பெரெட்டாவுக்கு மாற்றாக ஸ்ட்ரைக்கர் வகையான ஸிக் பி320-ஐ எடுத்துக்கொண்டது. அவர்களுக்குத் தெரியாததா?

குணவதி: அதே 2017-இல்தான், கடைகளில் விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, தயாரித்த நிறுவனமே உள்பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழையகை: இருவருக்கும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரைக்கர் ஏதோ பிளாஸ்டிக் காலத்துச் சரக்கு அல்ல. ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்ற லூகரும் ஸ்ட்ரைக்கர்தான். நெடுமாறன், எம்1911 ஹேமர் துப்பாக்கிதானே? ஹேமரை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டுத்தான் அதை உறையில் வைப்பார்கள். அதிலும் எல்லாக் குண்டுக்கும் ஒரே கனம்தான். ஹேமரின் மேல் பழி போடாதீர்கள்.

நெடுமாறன்: ஒப்புக்கொள்கிறேன். நான் குறை சொன்னது இரட்டைக் கனம் உள்ளவற்றை மட்டும்.

குணவதி: குண்டு வெடிக்காமல் போனால் பெரெட்டாவில் விசையை மறுபடி அழுத்தினாலே இன்னொரு அடி விழும். க்ளாக்கில் ஸ்லைடை இழுத்தால்தான் உண்டு.

நெடுமாறன்: முதல் அடிக்கு வெடிக்காத தோட்டாவை நம்பி இன்னொரு நொடியை ஏன் வீணாக்க வேண்டும்? ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளுவதே நல்லது. எந்தத் துப்பாக்கிக்கும் அந்த ஒரு பழக்கம் போதும்.

குணவதி: சுத்தம் செய்ய க்ளாக்கைக் கழற்றவே விசையை அழுத்த வேண்டும். குழலின் பின்னால் உள்ள தோட்டா அறையில் தோட்டா தங்கியிருந்தால்?

நெடுமாறன்: அறையைப் பார்க்காமல் கழற்றுபவர் கையில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது.

குணவதி: சரி. நாடாவுக்கு இன்னும் பதில் வரவில்லையே?

நெடுமாறன்: என் மேற்சட்டை நாடாவைப் போன வருடமே வெட்டி எறிந்துவிட்டேன், அம்மா.