புதிய நூல்கள்: கதைகள் தட்டில் தெரிகின்றன, கட்டுரை நூல்கள் எங்கே போகின்றன?

மஞ்சக்குப்பம் வாசகர் (கேள்வி):
வணக்கம். கடலூரில் ஒரு பொது நூலகத்தில் நான் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் 'புதிய வரவு' என்று எழுதப்பட்ட தட்டு ஒன்று இருக்கிறது. அதில் நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் வந்த வேகத்தில் காலியாகிவிடுகின்றன. வரலாறு, சூழலியல், மருத்துவம் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரை நூல்களை அங்கு நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனால் உள்தட்டுகளில் வேறு எதையோ தேடும்போது, ஒருவரும் பிரித்துப் பார்க்காத புத்தம்புது நூல்கள் கையில் அகப்படுகின்றன. 2011 டிசம்பர் இறுதியில் இந்தக் கரையைக் கடந்த தானே புயலைப் பற்றி என் மகளுக்காகத் தேடியபோது, இரண்டு வாரம் கழித்தே, அதுவும் தற்செயலாக, பயன்படும் நூல் ஒன்று கிடைத்தது. புதிய கட்டுரை நூல்கள் வந்திருப்பதை வாசகர் எப்படி அறிவது? இதழ்களில் மதிப்புரை வெளியாகி ஓராண்டு கடந்த பிறகும் ஒரு நூல் ஏன் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதில்லை?

ஓய்வுபெற்ற நூலகர் (மறுமொழி):
உங்கள் முதல் கேள்விக்கான விடை பகுப்பு எண்ணில் இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் அமைவதால், இன்று வந்த நாவலும் முப்பது ஆண்டுக்கு முன் வந்த நாவலும் அடுத்தடுத்து நிற்கும்; அந்த ஒரு வரிசையைப் பார்த்தால் போதும். கட்டுரை நூல்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் தேடிய புயல் நூலையே எடுத்துக்கொள்வோம். வானிலையை விளக்குவதாக இருந்தால் அது 551இல் இருக்கும். பேரிடர் மீட்பைப் பற்றியதாக இருந்தால் 363இல் இருக்கும். கடலூர் மாவட்டத்தின் வரலாறாக எழுதப்பட்டிருந்தால் 954இல் இருக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு அலமாரிகள். நீங்கள் இரண்டு வாரம் அலைந்ததில் வியப்பில்லை.

இனி, புதிய வரவுத் தட்டு. அதன் இடம் சிறியது. அடுத்த கட்டு வந்ததும் முந்தையவை உள்ளே போயாக வேண்டும். நாவல் அதற்குள் இரவலாகப் போய்விடுகிறது, கட்டுரை நூல் போவதில்லை, ஆகவே அதுதான் முதலில் உள்தட்டுக்கு மாற்றப்படுகிறது. பணியில் இருந்த காலத்தில் நானும் இதையே செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931இலேயே எழுதியவர், நமக்கு அருகிலுள்ள சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதைப் பாடமாகப் படித்துவிட்டுத்தான் நாங்கள் பணிக்கு வந்தோம்!

நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலும் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் பதிவாகிறது. வந்த தேதி வரிசையில் தலைப்புகளை அங்கே காணலாம். அது அலுவலகப் பதிவேடு என்பதால் எடுத்துப் புரட்ட முடியாது. ஆனால் கடைசியாகப் பதிந்த தலைப்புகளைச் சொல்லுமாறு நூலகரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கூட்டம் குறைந்த பிற்பகலில் போய்க் கேளுங்கள்.

சிறு பதிப்பகத்தார் (மறுமொழி):
இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியாகச் சேரும் தொகையே தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்கு முதன்மையான வருவாய். நூல்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சென்னையில் நடக்கிறது: பதிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும், மாதிரிப் படி தர வேண்டும், தேர்வு முடிந்து ஆணை வர வேண்டும், பிறகு மாவட்டங்களுக்குப் படிகளை அனுப்ப வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலிருந்து கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் நூல்கள் பிரிந்து போவது அதற்கும் பிறகுதான். 2024இல் வந்த புதிய கொள்முதல் கொள்கை விண்ணப்பத்தை இணையவழிக்கு மாற்றியது. ஆயினும் தேர்வுக்கும் அனுப்புகைக்கும் ஆகும் காலம் ஆகத்தான் செய்யும்.

எங்கள் தொழிலில் 'நூலக ஆணை', அதாவது நூலகங்களுக்காக எங்கள் நூலை வாங்கும் ஆணை, என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வாசகர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த ஆணையில் பக்கக் கணக்கை ஒட்டியே விலை வைக்கும் பழைய வழக்கத்தில், நிலப்படங்களும் சொல்லடைவும் கொண்ட 200 பக்க ஆய்வு நூலும், அதே அளவுள்ள நாவலும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் போகும். முன்னதை உருவாக்க ஆகும் உழைப்பும் செலவும் பன்மடங்கு என்பதால், என்னைப் போன்றவர்கள் நாவலையே அச்சுக்கு அனுப்பினோம். தட்டில் நீங்கள் காணும் ஏற்றத்தாழ்வு, நூல் நூலகத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

புதுவை வாசகி (மறுமொழி):
பதிப்பகத்து ஐயா கூறியது தமிழ்நாட்டு நடைமுறை. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதால் இங்குள்ள நூலகங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. எங்கள் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மும்மொழி நூல்களும் அங்கே இருக்கின்றன. கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான். இரவல் பெற முடியாவிட்டாலும், உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க வருவது வீண்போகாது.

இன்னொன்று. வாசகர் கோரிக்கைப் பதிவேட்டில் "சூழலியல் நூல்கள் வேண்டும்" என்று பொதுவாக எழுதிவிட்டு வந்தால் பயனில்லை. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பித்த ஆண்டு, விலை ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது விலைப்பட்டியல்களை வாங்கி வந்து, அவற்றைப் பார்த்தே நான் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

மஞ்சக்குப்பம் வாசகர் (மீண்டும்):
மூவருக்கும் நன்றி. நூலகர் ஐயா சொன்னபடி நேற்றுப் பிற்பகல் போய்க் கேட்டேன். இவ்வாண்டு பதிவான நூல்களில், நான் கண்ணால்கூடப் பார்த்திராத கட்டுரை நூல்கள் பதினொன்றின் தலைப்புகளை அவர் வாசித்துக் காட்டினார். அவற்றில் நெய்தல் நிலத்து மீன்பிடி முறைகளைப் பற்றிய ஒன்று, வேளாண்மைத் தட்டின் கடைசி வரிசையில் நின்றிருந்தது. மீன்பிடித் தொழிலும் 639 என்ற எண்ணில் வேளாண்மையோடுதான் சேரும் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். இரவல் தேதிகளைக் குறிக்கும் அதன் தவணைச் சீட்டில் ஒரு தேதிகூட இல்லை. முதல் தேதி என்னுடையது.